ஏழு பேரும் பார்த்த பக்கம்

“அண்ணன் தம்பி, அக்கா தங்கையோட படம் எடுத்துக்கிறவங்க எல்லாரும் மண்டபத்துக்குப் போங்க,” என்றார் ஆசிரியை.

வகுப்பே எழுந்து போய்விட்டது. பசிபிக் கடலின் டோங்கா, சமோவா தீவுகளிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. வீட்டுக்கு ஐந்து பேர், ஆறு பேர். ஹேமிஷ் மட்டும் தன் இடத்திலேயே இருந்தான். அவன் அப்பா பிறந்ததே இந்தத் தெருவில்தான். ஆனால் வீட்டில் அவன் ஒரே பிள்ளை.

“சும்மாதானே இருக்க? இந்தப் பெயர்ப் பட்டியலைப் புகைப்படக்காரர்கிட்ட குடுத்துட்டு வாப்பா,” என்றார் ஆசிரியை அவனிடம்.

மண்டபத்தில் அவன் வகுப்புத் தோழி லூப்பே, உடன்பிறந்தவர்களோடு நின்றிருந்தாள். மொத்தம் ஏழு பேர். கடைக்குட்டி சியாவோசி பளிச்சென்று அடித்த விளக்குக்குப் பயந்து, அக்காவின் பாவாடையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தான்.

“இன்னும் பதினோரு குடும்பம் நிக்குதும்மா,” என்றார் புகைப்படக்காரர். “அவன் போகட்டும். ஆறு பேரும் நில்லுங்க.”

“ஏழு பேரும் வேணும் சார்,” என்றாள் லூப்பே. “டோங்காவில இருக்கிற எங்க அப்பாவுக்கு அனுப்பணும். அவருக்கு விசா வரல. எங்களப் பாத்து ஒரு வருஷமாச்சு. ஒருத்தர்கூடக் குறையக் கூடாதுன்னு அம்மா காலையில ஜெபம் பண்ணி அனுப்பினாங்க.”

“சரி. இன்னும் ஒரே தடவைதான்.”

பெரிய அண்ணன் அதட்டினான். அழுகை கூடியது. ஒரு அக்கா கிச்சுக்கிச்சு மூட்டினாள். உதை வாங்கினாள்.

ஹேமிஷுக்கு ஒன்று தோன்றியது. கூடவே வெட்கமும் வந்தது. வீட்டில் விளையாட ஆளில்லாததால், இடது கையை அண்ணனாகவும் வலது கையைத் தம்பியாகவும் வைத்துச் சண்டை போட விடுவான். பத்து வயதில் இப்படி விளையாடுவது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வகுப்பு முழுக்கக் கேலி செய்யும்.

சியாவோசியின் தோள் குலுங்கியது. ஹேமிஷ் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினான்.

“டேய் தம்பி, என் ரொட்டிய ஏண்டா தின்ன?” என்றது இடது கை, தடித்த குரலில்.

“நான் தின்னல. தூக்கத்துல நீயே தின்னுட்ட,” என்றது வலது கை.

“பொய். உன் உதட்டுல தேங்காப்பால் ஒட்டியிருக்கு.”

“அது மீசை.”

இடது கை துரத்தியது. வலது கை ஹேமிஷின் சட்டைக்குள் ஓடி ஒளிந்து, கழுத்து வழியாக எட்டிப் பார்த்தது.

முதலில் சிரித்தவன் அதட்டிய அண்ணன்தான். பிறகு பாவாடையிலிருந்து ஒரு கண் வெளியே வந்தது. அடுத்த கண்ணும் வந்தது.

“அதுதான் தம்பியா?” என்று கேட்டான் சியாவோசி.

“ஆமா. பொல்லாத தம்பி.”

சியாவோசி வாய்விட்டுச் சிரித்தான். விளக்கு பளிச்சிட்டதை அவன் கவனிக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து லூப்பே ஹேமிஷைத் தேடி வந்தாள்.

“படம் கெடச்சுதுன்னு அப்பா போன் பண்ணாரு.”

“என்ன சொன்னாரு?”

“ரெண்டு தடவை எண்ணிப் பாத்தாராம். ஏழும் சரியா இருக்காம். ஆனா, எல்லாரும் ஏன் நேரா பாக்காம ஒரு பக்கமாவே பாக்கறீங்கன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அந்தப் பக்கம் ஹேமிஷ் நிக்கிறான்பான்னு சொன்னேன்.”