தேற்றுநாற்காலி

தேற்றுநாற்காலியில் உட்கார்ந்தால் பதினோரு நிமிடம். ஜெபக்கனி எழுந்தபோது சட்டைக்குள் தோள்பட்டை வீங்கியிருந்தது, மனதில் மட்டும் ஒன்றும் இல்லை. டாக்டர் வரத் தாமதமென்று ஒன்பதாம் படுக்கைக்காரரின் மகன் குளுக்கோஸ் ஸ்டாண்டால் தன்னை அடித்தது நினைவிருந்தது. யாருக்கோ நடந்ததைப் பேப்பரில் படித்த மாதிரி இருந்தது. நாற்காலி நினைவைத் தொடாது. அதிலிருக்கும் பயத்தை மட்டும் உருவி எடுத்துவிடும். அடிபடும் நர்சுகளுக்கென்றே செய்த இயந்திரம். முன்பெல்லாம் அடிபட்டவள் டீ ரூமில் அழுவாள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இப்போது அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? புகார் எழுத வந்த காவலாளியிடமும், “விடுங்கண்ணே” என்றுவிட்டாள்.

இரண்டு மணிக்கு டூட்டி மாறியது. அடுத்து வந்தவள் சண்முகவடிவு, பத்து வருஷம் மூத்தவள். படுக்கை படுக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள் ஜெபக்கனி.

“ஒம்பதுக்கு சுகர் எறங்கிட்டுக்கா. டிரிப் நாலு மணிக்கு முடியும்.”

“கூட இருக்கவன் எப்படிட்டி?”

“மகன்தான்க்கா. ஒண்ணும் பிரச்சனை இல்ல.”

மறைக்க வேண்டுமென்று மறைக்கவில்லை. சொல்லும்படி ஏதோ இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

நாலேகாலுக்கு ஜெபக்கனி தங்கியிருந்த நர்ஸ் விடுதிக்குப் போன் வந்தது. டிரிப்பைக் கழற்றப்போன வடிவின் மண்டையில் அதே ஸ்டாண்ட். ஆறு தையல். ஓடிவந்த ஜெபக்கனி தரையில் ரத்தத்தைப் பார்த்ததும் பயந்து அழுதுவிட்டாள்.

“நான் சொல்லியிருந்தா அக்கா தனியா கிட்ட போயிருக்க மாட்டாளே!”

“அழாத. பதினோரு நிமிஷம் உக்காரு, சரியாயிரும்” என்றார் மேட்ரன் ரெஜினா.

“வேண்டாம் மேடம். இந்தப் பயம் இருந்தாத்தான் அடுத்தவகிட்ட சொல்லத் தோணும். மொதல்ல அவன வெளிய அனுப்புங்க.”

“வடிவே புகார் வேண்டாம்னுட்டாளே.”

நாற்காலி அறையிலிருந்து வடிவு வந்தாள். தலையில் கட்டு, முகத்தில் சிரிப்பு.

“ஏட்டி, எதுக்கு இந்த ஆட்டம்? அந்தப் பையன் பாவம்ட்டி.”

ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் படுக்கைப் பக்கம் நடந்தாள். ஜெபக்கனி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வடிவு செல்லமாகத் தட்டிவிட்டுப் போனாள்.

“பதற்றத்துல இருக்கவங்க நோயாளிகிட்ட போகக்கூடாது, அதான் விதி” என்றார் மேட்ரன். “நாற்காலில உக்காராம இனி உனக்கு வார்டுல வேலை இல்ல. வீட்டுக்குப் போ.”

அந்த ஆஸ்பத்திரியில் பயந்துபோயிருந்தவள் அவள் ஒருத்திதான். காவலாளி அவளைத்தான் வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.