முதல் இடத்தில் இருந்தவர்

நில அதிர்வை அளக்கும் அந்த ஒற்றை அறைக் கட்டடம் குன்றின் உச்சியில் தனியாக நின்றது. பழுது பார்க்க வந்தவள் ஜீப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறி வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. நல்ல வெயில். ஆனாலும் கதவைத் திறந்ததும் ஈரச் சிமெண்டு வாடையோடு குளிர் முகத்தில் அறைந்தது.

"நீங்க உள்ள போங்க மேடம். நான் கேட்டுப் பக்கம் இருக்கேன்," என்றார் காவலாளி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. சாவியை நீட்டிய கை வாசற்படியைத் தாண்டவில்லை.

"என்னதான் கோளாறு?"

"பென் டிரைவைப் போட்டா எடுத்துக்கவே மாட்டேங்குது. நான் வந்த நாள்லேருந்து இதே ரோதனை. எழுதிப் போட்டேன், யாரும் காதுல போட்டுக்கலை."

யாருக்கும் அக்கறை இருக்கவில்லை என்பதுதான் உண்மை. பன்னிரண்டு நாட்களுக்கு முன் அணைக்கு அருகே நிலம் லேசாகக் குலுங்கிய பிறகுதான் அலுவலகம் விழித்துக்கொண்டது. குலுக்கம் அணைக்கு அடியில் பிறந்ததா, தள்ளிப் பிறந்ததா என்று இந்த அறையின் பதிவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அணைக்குக் கீழே மூன்று ஊர்கள் இருந்தன.

அவளுக்கு ஐம்பது வயது. கணவர் போய் ஆறு வருடம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். அலுவலகத்தில் அவளை 'டாக்டர்' என்பார்கள். ஆளில்லாத இடங்களுக்குப் போய் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்த்து, வாய் திறக்காமலே பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பும் பிழைப்பு.

மேசையில் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், ஒரு திரை, ஒரு நாற்காலி. கம்ப்யூட்டரில் ஓடியது எலும்பும் தோலுமான லினக்ஸ். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்துதான். அதில் பென் டிரைவைச் செருகினால் மட்டும் போதாது. அதை ஒரு கோப்புறையோடு கோத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் மவுண்ட். செருகியதும் தானாகக் கோக்கும்படி யாரோ எப்போதோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். முதலில் செருகிய டிரைவுக்கு எஸ்.டி.ஏ என்று பெயர் வரும், அடுத்ததற்கு எஸ்.டி.பி. அந்த விதிக்குத் தெரிந்ததோ எஸ்.டி.ஏ மட்டும்தான்.

அவள் தன் டிரைவைச் செருகினாள். எழுத்துகள் ஓடின.

எஸ்.டி.பி.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். அப்படியென்றால் முதல் இடத்தில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டரைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு துளைகள். ஒன்றில் அவளுடைய டிரைவ், ஒன்றில் விசைப்பலகை. மற்ற இரண்டும் காலி. விரலை விட்டுத் தடவியும் பார்த்தாள். தூசிதான் ஒட்டியது.

கட்டளை தட்டி இயந்திரத்திடம் மறுபடி கேட்டாள். இயந்திரம் அதையேதான் சொன்னது. எஸ்.டி.ஏ இணைந்திருக்கிறது. பெயர்: கடிகாரம்.

வாசலுக்குப் போனாள். "கடிகாரம்னா உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

காவலாளியின் முகம் வெளுத்துவிட்டது. "அது... முன்னாடி இங்க இருந்தவர் மேடம். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு. ஆனா தினம் மூணு நாப்பதுக்கு டாண்ணு வந்து பதிவை எடுத்துடுவாரு. அதான் அந்தப் பேரு. அவரோட பென் டிரைவுக்கும் அதே பேரைத்தான் வெச்சிருந்தாரு."

"அது இப்ப எங்க?"

"அந்த நாற்காலியிலேயே போய்ட்டாரு மேடம். ஒம்போது நாள் யாருக்கும் தெரியலை. அவருக்குன்னு ஒரு ஈ காக்காய் இல்லை. நான் அடிவாரத்து ஊர்க்காரன்தான், தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தன்." குரல் இறங்கியது. "டிரைவ் சட்டைப் பையில இருந்துச்சு. அதோட சேர்த்துத்தான் எரிச்சோம்."

அவள் உள்ளே திரும்பினாள். பயந்து ஓடினால் பதிவை யார் எடுப்பது? கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் பார்த்தாள். பத்து நாள் பதிவுதான் அதில் நிற்கும். பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். குலுங்கிய நாளின் பதிவு அழிந்து இரண்டு நாளாகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். கடிகாரத்தைத் திறந்தாள்.

நாளுக்கு ஒரு கோப்புறை. அவர் இருந்த நாட்கள். அவரை யாரும் தேடாத அந்த ஒன்பது நாட்கள். எரித்த பிறகு வந்த நாட்கள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. எல்லாவற்றிலும் ஒரே நேரம், மூன்று நாற்பது. குலுங்கிய நாளும் அங்கே பத்திரமாக இருந்தது.

உயிரோடு இருந்தபோதும் யாரும் கேட்காத வேலை. செத்த பிறகும் விடாமல் செய்திருக்கிறார்.

தன் டிரைவைக் கையால் மவுண்ட் செய்து நகலெடுக்கத் தொடங்கினாள். பழைய கம்ப்யூட்டர், ஆமை வேகம். அது நகர நகர, எந்த டிரைவ் வந்தாலும் ஏற்கும்படி விதியைத் திருத்தி எழுதினாள். திரையின் அடியில் தரையின் அதிர்வு பச்சைக் கோடாக, சலனமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

மணி மூன்று முப்பத்தொன்பது.

கோடு துள்ளியது.

ஒரு துள்ளல் உயரமாக. அடுத்தது நீளமாக, இழுத்தாற்போல. மறுபடி உயரம். மறுபடி இழுவை.

அறையில் சத்தமே இல்லை.

துள்ளல் ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிதாக வந்தது. வாசலிலிருந்து மேசையை நோக்கி.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கால்வலித் தைலத்தின் நெடி மெல்ல வந்து மூக்கில் ஏறியது.

துள்ளல் நின்றது. அவளுடைய நாற்காலிக்குப் பின்னால்.

நகல் தொண்ணூற்று நான்கு சதவீதம். தொண்ணூற்று ஏழு. பிடரி மயிரில் சில்லென்று ஏதோ பட்டது. மூச்சா, காற்றா?

முடிந்தது.

"எடுத்துக்கிட்டேங்க," என்றாள். "நீங்க எடுத்து வைக்கலைன்னா எல்லாம் போயிருக்கும். ரொம்ப நன்றி."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. எஸ்.டி.ஏ துண்டிக்கப்பட்டது.

தன் டிரைவைக் கழற்றிக்கொண்டு பையைக் கட்டினாள். கதவைச் சாத்தும்போது அந்த இருட்டில் ஓர் ஆளை வைத்துப் பூட்டுவது போல நெஞ்சு உறுத்தியது. "வேலை முடிஞ்சுதே, வாங்க போகலாம்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

குலுக்கம் பிறந்தது அணையிலிருந்து வெகு தொலைவில் என்று அன்றிரவே அந்தப் பதிவு காட்டியது. மூன்று ஊர்களும் நிம்மதியாக மூச்சு விட்டன. எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் அவளுக்கு விடுப்பு. மாலை நான்கு மணிக்கு வீட்டுச் சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தபோது காவலாளி அழைத்தார்.

"மேடம், டிரைவைப் போட்டதும் கப்புனு எடுத்துக்கிச்சு! தைரியமா உள்ள போய் உக்காந்தேன். மூணு நாப்பதுக்குக் கோடு அசையவே இல்லை."

"நல்லதாப் போச்சு."

"ஆனா ஒண்ணு மேடம்... நேத்து நீங்க கிளம்பின நேரத்துப் பதிவைப் பாத்தேன்." தயங்கினார். "நீங்க தனியாத்தானே போனீங்க? வாசல்லேருந்து ரெண்டு பேர் நடை இருக்கு. பக்கத்துப் பக்கத்துல. கேட்டைத் தாண்டியும் போகுது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

முதுகுக்குப் பின்னால், கூடத்துத் தரையில், ஓர் அடி. பிறகு இழுவை. ஓர் அடி. இழுவை. சமையலறை வாசலில் வந்து நின்றது. அடுப்பில் கொதித்த பாலின் மணத்தை மீறித் தைல வாசனை எழுந்தது.

அந்த வீட்டுக்குள் இன்னொருவர் நடந்து ஆறு வருடமாகிறது.

அவள் போனை மெல்ல வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே, குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு, கேட்டாள்:

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே... கால் வலிக்காதா? உக்காருங்க."

சாப்பாட்டு மேசையின் அடியிலிருந்து நாற்காலி ஒன்று கிரீச்சென்று மெதுவாக வெளியே நகர்ந்தது.