வெள்ளிக்கிழமை சிவந்த கண்

திங்கள், காலை 7.10. குடிபாலா.

மாந்தோப்புக் கொட்டகையில், கயிற்றுக் கட்டிலில், முனிரத்தினம் செத்துக் கிடந்தான். உதடு நீலம். வாயோரம் ரத்தம் கலந்த நுரை. கட்டிலுக்கடியில் காலி பிராந்தி பாட்டில், இரண்டு கிளாஸ், பாதி தீர்ந்த காய்ச்சல் மாத்திரை அட்டை. மூலையில் சண்டைச் சேவலுக்கான கூண்டு. சேவல் இல்லை.

எஸ்.ஐ. சபீனா கையுறை மாட்டிக்கொண்டு அவன் இமையை விலக்கினாள். விழி வெண்மை முழுக்கச் சிவந்திருந்தது.

“இவரு கூட்டாளி தீனாதான் மேடம் வெசம் வெச்சான்!” முனிரத்தினத்தின் மனைவி பச்சையம்மாள் கதறினாள். “போன வாரம் எங்க சண்டைச் சேவல, அந்தக் கீரிச் சேவலைத் தூக்கிக்கினு பூட்டான். கேட்டா சத்தியம் பண்றான். அப்புறம் மூஞ்சியிலயே முழிக்கல. சனிக்கெழம சாயங்காலம் சமாதானம்னு பாட்டிலோட வந்தான். இப்ப என் தாலி போச்சே!”

“இவருக்கு உடம்பு எப்படி இருந்தது?”

“நாலஞ்சு நாளா ஜொரம், இருமல். கண்ணு கோவப்பழமாட்டம் இருந்தது. குடிதான்னு வுட்டுட்டேன்.”

தோப்பில் ஒரு கோழிகூட மேயவில்லை. சபீனா அதைக் கேட்டாள்.

“கழிச்சல் நோவு வந்து எல்லாம் செத்துச்சு மேடம். வருசா வருசம் வர்றதுதான்.”

வேலியோரம் அவற்றைப் புதைத்த புது மண்மேடு ஒன்று இருந்தது. யாரையும் அதன் பக்கம் போகவிடாமல் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு சபீனா ஜீப்பில் ஏறினாள்.

காலை 11.30. காவல் நிலையம்.

தீனாவைத் திருச்சானூரிலிருந்து பிடித்து வந்திருந்தார்கள். அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். மூச்சு சீராக இல்லை.

“ஏம்ரா, ஹீரோவா நீ? கண்ணாடிய கழட்டு!” என்றார் சி.ஐ. ஹரிபாபு.

கழற்றினான். கண்கள் சிவப்பு.

“மெட்ராஸ் ஐ சார். வெள்ளிக்கெழம எழுந்திருக்கும்போதே இப்படித்தான். ஜொரமும் கீது.”

“நல்ல டிராமா. சனிக்கிழமை அவனுக்கு விஷம் ஊத்திட்டு, நீயும் ரெண்டு சொட்டு குடிச்சியா?”

“ஒரே பாட்டில்தான் சார் குட்சோம். எங்க நைனா மேல ஆணை, நான் ஒண்ணும் கலக்கல.”

“சேவல்?”

“நான் தொட்டதே இல்ல சார்.”

 சபீனா அவன் செல்போனைத் திறக்கச் சொன்னாள். எட்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை நடந்த சேவல் சண்டை அதில் வீடியோவாக இருந்தது; அவனே எடுத்தது. சட்டப்படி தடை என்பதால் ஊரில் ஒருவர்கூட அந்தச் சண்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. படத்தில் கீரிச் சேவல் மூச்சுத் திணறிச் சரிகிறது. முனிரத்தினம் ஓடி வந்து அதன் அலகைத் தன் வாய்க்குள் வைத்து உறிஞ்சுகிறான். கோழையையும் ரத்தத்தையும் துப்புகிறான். கூட்டம் விசிலடிக்கிறது.

“இது என்ன?”

“எல்லாரும் செய்யறதுதான் மேடம். தொண்டை அடைச்சுக்கினா அப்படித்தான் எடுக்கணும். இல்லன்னா சேவல் பூடும்.”

சபீனாவின் முதுகு நிமிர்ந்தது. சித்தூர் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கோகுலகிருஷ்ணன் எடுத்தார்.

“வயிற்றில் பூச்சிமருந்து வாடையே இல்லை. ஆனால் நுரையீரல் நனைந்த பஞ்சு மாதிரி. எனக்கே புரியவில்லை.”

அவள் மூன்று வாக்கியம் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “உடனே எல்லாரும் மாஸ்க் போடுங்கள். நான் திருப்பதி மருத்துவமனைக்குச் சொல்கிறேன்.”

சபீனா மாஸ்க் மாட்டினாள். தீனாவுக்கும் ஒன்று கொடுத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள்.

“ஏம்மா, கரோனா திரும்பி வந்துடுச்சா?” என்று சிரித்தார் சி.ஐ.

“கொலையாளி கூண்டில் இருந்தது சார்.”

சிரிப்பு நின்றது.

“பறவைக் காய்ச்சல். கோழிகள் மொத்தமாகச் செத்திருக்கின்றன. அலகை வாயில் வைத்தவனுக்குக் காய்ச்சல், இருமல், சிவந்த கண், கடைசியில் மூச்சுத் திணறல். பரிசோதனை உறுதி செய்யட்டும். விஷம் என்றால் நாலு நாள் மாத்திரை போட்டுப் படுத்திருக்க மாட்டான்.”

“சரி, இவன்?”

“இவன் கண் வெள்ளிக்கிழமை சிவந்தது. பாட்டில் திறந்தது சனிக்கிழமை. நாம் எல்லோரும் கேட்டோம், கவனிக்கவில்லை. குடிப்பதற்கு முன்பே இவனுக்கு நோய். நடுவில் முனிரத்தினத்தைப் பார்க்கவும் இல்லை. சண்டையிலும் சேவலைத் தொடவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் அதற்குப் பிறகு தொட்டிருக்கிறான்.” அவள் தீனா பக்கம் திரும்பினாள். “சேவலைத் திருடியது நீதான். அந்தக் காய்ச்சல்தான் சாட்சி. கொலை செய்யவில்லை என்பதற்கும் அதுவேதான் சாட்சி.”

தீனா தலையை ஆட்டினான். “நான் திருடல.”

“கேளு. இந்த நோய்க்கு மாத்திரை இருக்கு. ஆரம்பத்திலேயே போட்டால்தான் பிழைக்க வழி. அந்தச் சேவலை இன்னும் யார் யார் தொட்டாங்க?”

 அவன் நெற்றியில் வியர்வை பூத்தது. திடீரென்று மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“நான்தான் மேடம்! நான்தான் எட்த்துக்கினு போனேன். வழியிலயே துவண்டுச்சு. நானும் வாயில உறிஞ்சி பாத்தேன். பொழைக்கல. வீணாப் போவுதேன்னு ரேகாகிட்ட குடுத்தேன். என் பொண்டாட்டி. அவதான் மயிரு பிடுங்கி சுத்தம் பண்ணா.” இருமல் அவனை மடக்கியது. “காலையில லேசா இருமிக்கினு இருந்தா. நான் கண்டுக்கல. மேடம், வண்டிய அவகிட்ட அனுப்புங்க! என்ன அப்புறம் பாத்துக்கலாம்!”

சபீனா ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். “தெரு பேர் சொல்லு!”

12.05க்குத் திருச்சானூரில் ரேகாவின் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஒரு மணிக்குள் முதல் மாத்திரை அவள் வயிற்றில் இருந்தது. குடிபாலாவிலிருந்து இன்னொரு ஆம்புலன்ஸ் தீனாவோடு திருப்பதிக்குப் பறந்தது. பச்சையம்மாளுக்கும், சேவலைப் பிடித்தவர்களுக்கும், தீனாவின் ஆட்டோவில் வந்தவர்களுக்கும் தேடித் தேடி மாத்திரை கொடுத்தார்கள்.

பரிசோதனை முடிவு சபீனா சொன்னபடியே வந்தது. அப்போது அவளும் நோய்க்காக வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தாள். தீனா ஒரு வாரம் ஆக்ஸிஜனில் கிடந்தான். குழாயைக் கழற்றிய அன்று ஒரு நர்ஸின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

“மேடம், கொலைக் கேசு?”

“போச்சு.”

“திருட்டுக் கேசு?”

“அது இருக்கு.”

“இருந்துட்டுப் போவட்டும் மேடம்.” மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். “ரேகா பக்கத்து வார்டுல கீறா. இட்லி துன்னுக்கினு கீறா!”