உருளைக்குள்ளிருந்து பதில்

தாதுக்கல் அரைக்கும் அந்தச் சின்ன கம்பெனிக்கு அவள் வேலைக்கு வந்ததே ஒரு வீம்பில்தான். அங்கே உருளை ஓட்டிய அப்பா எவளோடோ ஓடிப்போய்விட்டார் என்று மேனேஜர் சொன்ன நாளிலிருந்து அம்மா தெருவில் தலைநிமிர்ந்து நடந்ததில்லை. மகள் படித்து, கெமிஸ்டாக அதே கேட்டுக்குள் நுழைந்தாள். அப்பன் ஓடினாலும் பொண்ணு படிச்சிருச்சே என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் மேனேஜர்.

உருளை என்பது ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய இரும்புப் பீப்பாய். அது சுற்றினால் உள்ளே இரும்புக் குண்டுகள் புரண்டு கல்லை மாவாக்கும். தேய்ந்த தகடுகளை மாற்ற ஆள் உள்ளே இறங்குவதுண்டு. அதனால் ஓடவிடுமுன் வெளியிலிருந்து சுத்தியலால் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவார். அப்பாவின் பதில் தனி: ஒன்று, சற்று நிறுத்தி, இரண்டு. வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டினாலும் அதே பதில்தான்.

அன்று மத்தியானம் தகடு மாற்றியவர்கள் எல்லாரும் வெளியே வந்தாயிற்று. சுத்தியலை வாங்கி அவளே தட்டினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது.

டங்.

ஈரக்கல் வாடை குப்பென்று வந்தது.

டங். டங்.

கல் சரிகிறது, நீ போய்க் குப்பியைக் கழுவு என்றார் மேனேஜர்.

"அப்ப நீங்களே உள்ள போய்ப் பாருங்க சார். பயமா இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவர் வீறாப்பாக டார்ச்சோடு நுழைந்தார். ஒருத்தனும் இல்லை, வேண்டுமானால் தட்டிப் பார் என்று கத்தினார்.

தட்டினாள். டார்ச்சால் ஒருமுறை திருப்பித் தட்டினார்.

அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பதில் வந்தது.

ஒன்று. சற்று நிறுத்தி, இரண்டு.

டார்ச் விழுந்து உடைந்தது.

"அன்னிக்கு ஓடவிடறதுக்கு முன்னாடி தட்ட மறந்துட்டேன்பா," உள்ளே மேனேஜர் கிசுகிசுத்தார். "நீ உள்ள இருக்கேன்னு தெரியாது. முதலாளிதான் ஓடிட்டான்னு சொல்லச் சொன்னாரு."

உருளையை ஓடவிடும் சுவிட்ச் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை என்பதை அவள் எங்கேயும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்பாவையும் கல்லோடு கல்லாக அரைத்து, லாரியேற்றி விற்றிருக்கிறார்கள். அன்று கழற்றிப் போட்ட, அப்பா காலத்துப் பழைய தகட்டின் பின்புறம் இறுகியிருந்த மாவைச் சுரண்டினாள். சோதனைக்குக் கல்மாவு எடுக்கும் தகர டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா அழவில்லை.

"அப்ப, ஓடிப்போகலையாடி?"

"இல்லம்மா."

அம்மா டப்பாவை மடியில் வைத்து, மூடியை நகத்தால் மெல்லத் தட்டினாள்.

உள்ளேயிருந்து மூடி அதிர்ந்தது.

ஒன்று.

சற்று நிறுத்தி, இரண்டு.