மில்லில் யார் முதலில்?

சுண்டெலியின் அப்பா மாவு மில் நடத்தினார். பள்ளி விடுமுறை என்றால் அவளுக்கு மில்தான் வீடு. மூக்கில் மாவோடு மூட்டைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருப்பாள். அதனால்தான் அந்தப் பெயர்.

வழக்கமாக மில் வாசலில், "நான்தான் முதல்ல வந்தேன்" என்று சண்டை நடக்கும். அன்று என்னவோ எல்லாருக்கும் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

"நீங்க முதல்ல போடுங்கம்மா," என்றார் பஸ் டிரைவர்.

"பரவாயில்ல அண்ணே, எனக்கென்ன அவசரம்? நீங்களே போடுங்க," என்றார் தையல்கார அக்கா.

யாரும் முன்னால் வரவில்லை. இயந்திரம் சும்மா நின்றது.

சுண்டெலி அப்பாவின் காதருகே போனாள். "என்னப்பா ஆச்சு இவங்களுக்கு?"

"முதல்ல போடுற கோதுமையில ரெண்டு பிடி அரைக்கிற கல்லிடுக்குல தங்கிடும்மா. அடுத்து போடுறவங்களுக்கு அந்த நஷ்டம் இல்ல. மூட்டை மூட்டையா கொண்டு வந்தப்போ யாரும் அதைக் கண்டுக்கல. இப்போ பைகளைப் பாரு."

பார்த்தாள். இரண்டு வருடமாக மழை இல்லை. ரேஷன் கடையில் வீட்டுக்குக் கொஞ்சம்தான் கோதுமை கொடுத்தார்கள். மூட்டைகள் போய்ச் சின்னச் சின்னத் துணிப்பைகள் வந்திருந்தன.

"நம்ம கோதுமையை முதல்ல போட்டுடலாமே?"

"நம்ம வீட்டுல நேத்தே தீந்துடுச்சு."

வரிசையின் கடைசியில் ஓர் அக்கா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். கையில் ஒரு குட்டி முடிச்சு. சத்தமில்லாமல் அவள் திரும்பி நடப்பதைப் பார்த்துச் சுண்டெலி ஓடினாள்.

"ஏன்க்கா, அரைக்கலையா?"

"இருக்கறதே கொஞ்சம். முதல்ல போடச் சொன்னா, கல்லு தின்னது போக எனக்கு என்ன மிஞ்சும்? அப்படியே வேகவச்சுக்கறேன்."

"பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிடுச்சா?"

குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது.

"கொஞ்சம் இருங்கக்கா," என்ற சுண்டெலி, மில்லுக்குள் வந்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். "அப்பா, எல்லார் கோதுமையையும் ஒண்ணா கொட்டி அரைச்சா என்ன? கல்லு அதே ரெண்டு பிடிதானே தின்னும்? ஆளுக்கு ஒரு கரண்டி குறையும், அவ்வளவுதான். எடை போட்டு வாங்கி, எடை போட்டே குடுத்துடலாம்."

அப்பா தாடையைச் சொறிந்தார். "செய்யலாமே."

"அதெப்படி?" என்றார் டிரைவர். "என்னோடது நல்ல கோதுமை."

"நீங்களும் நானும் ஒரே கடையில, ஒரே வரிசையில நின்னுதானே வாங்கினோம்?" என்றார் தையல்கார அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நான் கல்லு, தூசி எல்லாம் பொறுக்கிட்டு வந்திருக்கேன்."

"ரொம்ப நல்லதா போச்சு. எங்களோடதையும் பொறுக்கிக் குடுங்க," என்றார் தையல்கார அக்கா.

பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். அப்பா எடை போட, சுண்டெலி அவரவர் பையில் சுண்ணக்கட்டியால் எடையை எழுதினாள். குட்டி முடிச்சிலும் எழுதினாள். பிறகு இயந்திரம் கடகடவென்று ஓடியது. சூடான மாவின் வாசனை தெருவரை போனது.

மாவைப் பங்கிடும்போது டிரைவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்தார். "ஒரு நூல் குறையுதே," என்பார். அப்பா ஒரு சிட்டிகை போடுவார். "இப்ப சரி," என்பார்.

கடைசியாகக் குழந்தைக்கார அக்காவின் முறை. தொட்டியில் மிச்சமிருந்த மாவு முழுவதையும் அப்பா தட்டில் கொட்டினார். அவர் கணக்குப் போட்ட அளவுக்குக் கல் தின்னவில்லை போலிருக்கிறது. முள் அவளுக்குச் சேரவேண்டிய எடையைத் தாண்டிப் போய் நின்றது.

சுண்டெலி நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள்.

தையல்கார அக்கா தன் பையை மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் வாசல் பக்கம் திரும்பி, மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கே," என்றார்.