கடைசி மணி வரை

டாக்டர் திரிசலா காலை எட்டு மணிக்கெல்லாம் கல்லூரிக்கு வந்துவிட்டாள். காஞ்சிபுரத்துக்கு வெளியே, வயல்களை மனையாக்கிக் கட்டிய தனியார் மருத்துவக் கல்லூரி அது. காரை நிழலில் நிறுத்தினாள், கையெழுத்துப் போட்டாள், தேர்வு நடக்கும் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். போன வருஷம் இதே நாளில் இதே மாடியில் ஒரு மனிதர் அவள் கண் முன்னால் செத்துப்போனார். அதை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் மரத்துப்போன கன்னம் மாதிரி உள்ளே ஒரு பக்கம் ஒரு வருஷமாகவே மரத்துக் கிடந்தது.

தேர்வு என்றால் பேனாவும் பேப்பரும் வைத்து எழுதுவதில்லை. திரை போட்ட எட்டு அறைகள், எட்டு மாணவர்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மணி. மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு நோயாளி, ஒரு தேர்வாளர். மாணவன் தன் பெயர் சொன்னானா, ஒரு டிக். கை கழுவினானா, ஒரு டிக். தேர்வாளர் டிக் போடலாமே தவிர வாயைத் திறக்கக் கூடாது. நோயாளியும் நிஜ நோயாளி இல்லை, நடிக்க வந்தவர். அவர் கையிலும் மாணவனுக்கு ஒன்றாக ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதில் ஒரே கேள்வி: இந்த டாக்டரிடம் மறுபடியும் வருவீர்களா? கீழே இரண்டு கட்டம். வருவேன், வர மாட்டேன்.

நடிகருக்கு ஒரே ஒரு கட்டளைதான். கடைசி மணி அடிக்கும்வரை வேஷத்தைக் கலைக்கக் கூடாது.

கூத்துக்காரருக்குப் போய் இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! துரைக்கண்ணு சுற்றுவட்டாரத்தில் பேர்போன துரியோதனன். படுகளத்தில் அவர் விழுந்தால் பெண்டுபிள்ளைகள் நிஜமாகவே அழுவார்கள். ஏழாம் அறையில் மாரடைப்புக்காரராக நடிக்க அவரைத்தான் ஆறு வருஷமாகக் கூப்பிட்டார்கள். போன வருஷமும் வந்தார். விடிய விடிய மாகறலில் ஆடிவிட்டு, முகத்தைக் கழுவியும் கழுவாமலும் வந்து படுத்தார். காதோரம் அரிதாரச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை அறை முழுக்க.

மூன்று மாணவர்கள் வரைக்கும் நன்றாகத்தான் நடித்தார். நாலாவதாகத் தர்ஷினி வந்தாள். தென்னேரிப் பெண், அதிகம் பேசாத சாது. அவர் கையைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், இவருக்கு நெஜமாவே வலிக்குது. கையெல்லாம் சில்லுனு இருக்குது. கேஷுவாலிட்டிக்குச் சொல்லுங்க மேடம்."

மூலையில் உட்கார்ந்திருந்த திரிசலா உதட்டின்மேல் விரலை வைத்தாள். தேர்வாளர் பேசக் கூடாதே!

"தண்ணி குடும்மா" என்றார் துரைக்கண்ணு. அவருக்குச் சொல்லிக்கொடுத்த வசனத்தில் தண்ணீர் இல்லை. எவ்வளவு நன்றாகச் சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறார் என்று திரிசலா நினைத்தாள். ஆமாம், அப்படித்தான் நினைத்தாள்.

மணி அடித்தும் தர்ஷினி நகரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரிசலா அவளை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள், பட்டியலில் சைபர் போட்டாள். அதற்குப் பிறகு நாலு பேர் வந்து, அசையாமல் கிடந்தவருக்குத் தங்கள் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டு, நெஞ்சில் குழல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவனுக்கு முழு மார்க். கடைசி மணி அடித்தது. "போதும் துரைக்கண்ணு, எழுந்திரிங்க" என்று திரிசலா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய சீட்டுகளில் நாலு நிரம்பியிருந்தன. நாலாவதில் 'வருவேன்' கட்டத்தில் டிக் கோணலாக இழுபட்டிருந்தது. மீதி நாலும் வெறுமை. ஆள் கூடுவதற்கு முன்னால் திரிசலா அந்த நாலிலும் தானே டிக் போட்டாள். விசாரணையில் அந்தச் சீட்டுகள் போதுமாக இருந்தன: கடைசி மணிவரை மனிதர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார், வலி பிறகுதான் வந்திருக்கிறது. தர்ஷினி சொன்னதை ஃபெயிலான பெண்ணின் சாக்கு என்று தள்ளினார்கள். அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று.

துரைக்கண்ணுவின் மனைவி காந்தா பிணவறை வாசலில் திரிசலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி மணி வரிக்கும் வேஷத்தக் கலைக்கலியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அதுக்கப்புறம்தான். வலியே தெரிஞ்சிருக்காது."

"அவரு அப்டித்தாம்மா" என்று அந்த அம்மாள் பெருமையோடு அழுதாள். அன்றைக்கு மரத்துப்போனதுதான் திரிசலாவுக்கு.

இந்த வருஷம் ஏழாம் அறையில் நோயாளி வேண்டாம் என்று முடிவாயிற்று. அது ரெஸ்ட் ஸ்டேஷன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். மாணவர்கள் ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம். திரிசலாவுக்கு வராந்தாவில் மேற்பார்வை. பக்கத்தில் அட்டெண்டர் பாலாஜி மணிப் பொத்தானில் விரல் வைத்திருந்தான். எட்டுப் பேரில் தர்ஷினியும் இருந்தாள். இன்றைக்கு ஒரு அறை தவறினாலும் இன்னொரு வருஷம் போகும்.

முதல் மணி. ஏழாம் அறையிலிருந்து பிரவீன் வெளியே வந்தான்.

"மேடம், ரெஸ்ட்டுன்னீங்க, உள்ள பேஷன்ட் இருக்காரே? இதுக்கும் மார்க் உண்டா?"

திரிசலா திரையை விலக்கிப் பார்த்தாள். கட்டில். நாற்காலி. பாட்டில். யாருமில்லை.

பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

இரண்டாவது மணிக்குச் சம்யுக்தா வந்தாள். "செமயா நடிக்கிறாரு மேடம்" என்று கிசுகிசுத்துவிட்டு எட்டாம் அறைக்கு ஓடினாள். மூன்றாவதாக ஒருவன் வந்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனான். துடைத்த இடத்தில் சிவப்பாக இருந்தது.

பாலாஜி மூக்கை உறிஞ்சினான். "எவனோ தலைக்குத் தேங்கா எண்ண தடவிக்கினு வந்துக்கிறான் மேடம்."

நாலாவதாகத் தர்ஷினி உள்ளே போனாள்.

திரைக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "ஐயா, என் பேரு தர்ஷினி. உங்களப் பரிசோதன பண்ணலாமா?"

அப்புறம் இன்னொரு குரல். மெல்ல.

"தண்ணி குடும்மா."

மணி அடித்தது. தர்ஷினி வெளியே வரவில்லை.

எட்டாம் அறையில் நாற்காலி காலி. அங்கே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரிசலா திரையை விலக்கினாள். தர்ஷினி கட்டிலோரம் குனிந்து, விரித்திருந்த வெள்ளைத் துணிக்கு ஒரு சாண் மேலே எதையோ இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க யாரும் இல்லம்மா. எட்டாவதுக்குப் போ."

"போன வருஷமும் போகத்தான் சொன்னீங்க மேடம்" என்றாள் அவள், தலை நிமிராமல். "இவர வுட்டுட்டு நான் போமாட்டேன்."

இன்னும் நாலு நிமிஷம். போன வருஷம் போலவே விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. திரிசலா அதைக் கீழே இறக்கினாள்.

"சரி. நான் புடிச்சிக்கறேன். நீ போம்மா."

தர்ஷினி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கைக்குழந்தையை மாற்றிக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கை கனத்தது.

ஐந்து விரல்கள். ஈரம். பனிக்கட்டியாய்க் குளிர். ஒவ்வொன்றாக மடங்கி அவள் வலது கையை இறுகப் பிடித்தன. கட்டிலில் யாருமில்லை. துணியில் மட்டும் ஒரு ஆள் படுத்த பள்ளம் இருந்தது. அவள் அலறவில்லை. அலற வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஏழாம் அறைக்கு வந்த மற்றவர்களையும் மணிக்கு மணி அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு அப்படியே நின்றாள்.

கடைசி மணி அடித்தது.

"போதும் துரைக்கண்ணு" என்றாள். "எழுந்திரிங்க."

பிடி விட்டது. பள்ளம் மெல்ல நிமிர்ந்தது.

சாயங்காலம் ரிசல்ட் ஒட்டினார்கள். தர்ஷினி பாஸ். நேராகத் திரிசலாவின் அறைக்கு வந்தாள்.

"மேடம், போன வருஷம் நான் சொன்னது நெஜம்னு எழுதிக் குடுப்பீங்களா? எனக்கில்ல. அவரு வீட்டம்மாவுக்குத் தெரியணும்."

'சரி' என்ற சொல் திரிசலாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வேலை போகும், லைசென்ஸ் போகும், பேப்பரில் பெயர் வரும்.

"நீதான் பாஸாயிட்டியேம்மா. இனிமே எதுக்கு அதெல்லாம்?"

தர்ஷினி போய்விட்டாள். போனாள், விஷயம் முடிந்தது என்று திரிசலா நினைத்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவள் ஜைனக் குடும்பத்து வழக்கம். டிபன் டப்பாவைத் திறக்கப் போனாள். வலது கை மூடியைப் பிடிக்கவில்லை. குண்டூசியால் குத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை.

நோயாளிகளின் சீட்டுகளை அறைக்கு ஒன்றாகப் போட்டு வைத்த கவர்களைப் பாலாஜி கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "எட்டும் இருக்குது மேடம்."

"ஏழுதானேப்பா இருக்கணும்?"

"எட்டு இருந்துது, எடுத்தாந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏழாம் எண் போட்ட கவரை இடது கையால் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு சீட்டு. டாக்டரின் பெயர் எழுதும் இடத்தில் அவள் பெயர் இருந்தது. கீழே அந்தக் கேள்வி, அந்த இரண்டு கட்டம்.

'வருவேன்' என்ற கட்டத்தில் அரிதாரச் சிவப்பில் ஒரு விரல் ரேகை. எண்ணெய் இன்னும் காயவில்லை.