படத்துக்குப் போட்ட பூ

மழை விடுமுறை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள எழிலரசி விடியற்காலையிலேயே எழுந்துவிட்டாள். பரீட்சைக்குக்கூட அவள் அப்படி எழுந்ததில்லை.

டிவியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கொரட்டூர் முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது வாசல் கதவில் 'சரக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பூப்பை! தினமும் அது தானாகவே வந்து கதவின் கைப்பிடியில் தொங்கும். யார் கொண்டு வருகிறார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. காசு ஃபோனிலேயே போய்விடும். அம்மாவின் ஃபோனில் அந்த எண்ணுக்குப் பெயரே 'பூ' தான்.

எழில் கதவைத் திறந்தாள். தொப்பலாக நனைந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா மாடிப்படியில் இறங்கப் போனார்.

"பூக்காரம்மா! இப்படி நடுங்குறீங்களே. உள்ளே வாங்க, துண்டு தரேன்."

"ஐயே, வாணாம் பாப்பா. ஊடெல்லாம் ஈரமாயிடும்."

"பரவாயில்ல, நான் துடைச்சுடறேன்."

எழில் வீட்டைத் துடைப்பதா? சமையலறையில் இருந்த அம்மா கிருஷ்ணப்பிரியா, அந்த அதிசயத்தைப் பார்க்கவே வெளியே வந்துவிட்டாள்.

"ஆமா, உள்ளே வாங்கம்மா. சூடா காபி குடிச்சுட்டுப் போங்க."

பூக்காரம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கூடத்தின் மூலையில் பூஜை அலமாரி இருந்தது. விளக்கு எரிவதைப் பார்த்ததும் அப்படியே நின்று, கைகளைக் கூப்பிக் கண்களை மூடிக்கொண்டார்.

துண்டோடு வந்த எழில் உறைந்துபோனாள்.

அலமாரியின் நடுவில் ஒரு பெரிய படம் இருந்தது. முந்தானையைத் தலையில் போட்ட ஓர் அம்மா, கண்களை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஒரு தட்டில் வெள்ளை வெளேரென்று சோறு. மேலேயிருந்து ஒளி வந்து அந்த முகத்தில் விழும். கீழே 'நன்றி' என்று எழுதியிருக்கும். டாக்டர் கிளினிக்கில், மளிகைக் கடையில், ஆட்டோவின் முதுகில் என்று எங்கே பார்த்தாலும் அந்தப் படம்தான்.

அவர் வடக்கே ஏதோ மலையடிவாரத்தில் வாழ்ந்தவராம். பல நாள் பட்டினிக்குப் பிறகு கிடைத்த ஒரு பிடி சோற்றுக்கு நன்றி சொன்னாராம். அப்போது வானத்திலிருந்து ஒளி இறங்கியதாம். அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டதாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க" என்பாள் அம்மா.

அந்த முகம் படத்திலும் இருந்தது. படத்துக்கு எதிரிலும் இருந்தது!

"அம்மா..." என்று எழில் கூப்பிட்டாள்.

பூக்காரம்மா கண்ணைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார், அதன் மேல் தொங்கிய மல்லிகை மாலையைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது, மூடவே இல்லை.

சாமி படத்துக்கு மாலை போடலாம். மனிதர் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஐயோ, இது நானு! நா உசுரோட கீறேன்மா! உசுரோட கீறேன்!"

காபியோடு வந்த அம்மாவின் கையிலிருந்து டம்ளர் கீழே விழுந்தது. பூக்காரம்மா மாலையைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கட்டு அவருக்குத் தெரியாதா?

"என் படத்துக்கு நானே மாலை கட்டிக் குடுத்துகினு இருந்தேனா?" என்றார். அடுத்த நிமிடம் கொட்டும் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

விடுமுறை விட்டுவிட்டார்கள். எழிலுக்கு அது சந்தோஷமாகவே இல்லை.

மறுநாள் கதவில் பூப்பை தொங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை.

"நம்ம மாலையால அவங்களுக்கு ஏதாவது ஆகிடுச்சோ அம்மா?" எழிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவும் ஆடிப்போயிருந்தாள். "மனசு கஷ்டமா இருந்தா அந்த முகத்தைத்தான் பார்ப்பேன். கதவுக்கு வெளியில நின்னவங்களை ஒரு நாளும் பார்க்கலையே!"

எழில் நாற்காலி போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றினாள், பொட்டைத் துடைத்தாள். பிறகு கடைக்குப் போய் உதிரி மல்லி வாங்கி வந்து, நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் அப்பா வினோத் வந்ததும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டதும் குதித்து எழுந்தாள்.

"அம்மா, கிளம்பு! ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே நிறைய பேர் பூ விக்கிறாங்க. அங்கே விசாரிப்போம்."

விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில், பூக்கூடைக்குப் பின்னால் அவரே உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. அவர்களைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"கிட்ட வராதீங்கம்மா. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. விக்கல் வந்தாக்கூட எமன்தான் வந்துகினு கீறான்னு திக்குங்குது."

"எங்களை மன்னிச்சுடுங்க. உங்க பேருகூட எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா. அவளுக்குக் கண் கலங்கியது.

"தாயம்மாள்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

எழில் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "மாலையைக் கழட்டிட்டேன். விளக்கையும் தள்ளி வெச்சுட்டேன். உயிரோட இருக்கறவங்களை இறந்துட்டாங்கன்னு தப்பா சொல்லிட்டா அவங்களுக்கு ஆயுசு கூடுமாமே, அப்பா சொன்னாங்க. நிஜமா?"

"அப்படித்தான் சொல்லுவாங்க..."

"அப்போ கணக்கு போடுங்க. ஒரு தடவை சொன்னாலே ஆயுசு கூடும். நீங்க எங்க வீட்ல மட்டும் ஒன்றரை வருஷமா இறந்துபோயிருக்கீங்க! இன்னும் எத்தனை வீட்லயோ! உங்களுக்கு இப்போ எவ்வளவு ஆயுசு!"

தாயம்மாள் அவளையே பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு பக்கத்துக் கூடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடி கில்லாடி! எமனே கணக்கு தெரியாம ஓடிப்பூடுவான்."

அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அந்தப் படத்துல கடவுள்கிட்ட என்னம்மா சொல்லிட்டு இருந்தீங்க?"

"கடவுள்கிட்டயா? நா தூங்கிகினு இருந்தேம்மா!"

அம்மாவும் மகளும் ஒன்றாக, "தூங்கினீங்களா!" என்றார்கள்.

"பின்னே? ராத்திரியே கோயம்பேடு போய் பூ எடுத்தாந்து இங்க குந்திக்குவேன். வாழைநாரை நனைச்சு ரெண்டு கையில வெச்சு உருட்டுவேன். உருட்டறப்பவே கண்ணு சொக்கிடும். ஒரு நாளு எவனோ கேமராவோட நின்னான், கண்ணு முழிக்கறதுக்குள்ள வண்டி ஏறிப்பூட்டான்."

"அப்போ தட்டுல இருந்த சோறு?"

"சோறா? மல்லி மொக்கு பாப்பா!"

"வானத்துலேருந்து வந்த ஒளி?"

தாயம்மாள் தண்டவாளத்தைக் காட்டினார். அரக்கோணம் பக்கமிருந்து ஒரு மின்சார ரயில் வந்துகொண்டிருந்தது. அதன் விளக்கு வெளிச்சம் மெல்ல நகர்ந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. படத்தில் இருந்த அதே ஒளி.

அம்மா விடவில்லை. "அந்த முகத்தைப் பார்த்தா எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?"

"தூங்கற மூஞ்சி நிம்மதியாத்தான் இருக்கும்."

எழில் தன் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இது படத்துக்கு இல்ல, உங்களுக்கு. நானே கட்டினேன்."

தாயம்மாள் பிரித்துப் பார்த்தார். பாதிப் பூ நூலில் இருந்தது, பாதி இலையில் கிடந்தது.

"இன்னா பாப்பா இது, பூச்சரமா கொசுவலையா?" என்று கேலி செய்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஊருக்கே கட்டிக் குடுக்கறேன். எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் கட்டிக் குடுத்ததில்ல கண்ணு."

திரும்பி உட்கார்ந்து கொண்டையைக் காட்டினார். எழில் அந்தச் சரத்தைக் கவனமாகச் சூட்டிவிட்டாள். சூட்டி முடிப்பதற்குள் இரண்டு மொக்குதான் உதிர்ந்தன.

கிளம்பும்போது தாயம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நா தூங்கினதை யாருக்கும் சொல்லிடாத. நல்லாக் கும்பிட்டுகினு போறாங்க, போவட்டும்."

மறுநாள் காலையில் பூப்பை கதவில் தொங்கவில்லை. அழைப்பு மணி அடித்தது. அம்மா காபியோடு போய்க் கதவைத் திறந்தாள். அவள் ஃபோனில் 'பூ' என்ற பெயர் 'தாயம்மாள் அக்கா' என்று மாறியிருந்தது.

அடுத்த வாரம் பல் வலிக்காக எழில் கிளினிக்குக்குப் போனாள். அங்கேயும் சுவரில் அந்தப் படம் இருந்தது. ஒரு பெரியவர் அதன் முன் கைகூப்பி நின்றார். பக்கத்தில் ஒரு குட்டிப் பையன் ஊசிக்குப் பயந்து, கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தினான்.

எழில் அவன் காதருகில் குனிந்து தன் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்! மெதுவா அழு. அந்த அம்மா தூங்கறாங்க!"